உறைக்குப் பாரம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன வருஷமா, அதற்கு அடுத்ததா, சரியாக நினைவில்லை. நெரவியில் திரிபுரசுந்தரி வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்டும்போது, பக்க மண் சரியாமலிருக்க இறக்கிய வட்ட உறை பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே நின்ற அவள் புருஷன் தெட்சிணாமூர்த்தியைச் சுற்றி மணல் பொங்கியது.

"இடுப்பு வரைக்கும் வந்துட்டுது! உறை இறங்கினாத்தான் மணல் நிக்கும். மேல பாரம் ஏத்து!"

அவள் வாசலுக்கு ஓடி, தெருவில் வந்த நாலு பேரை இழுத்து வந்தாள்.

"உறை மேல பலகை கிடக்கு, ஏறுங்க! ஏ தடியா, வேட்டி அழுக்காயிடும்னா பாக்குற? உன் பாரம்தான் வேணும்!"

"எங்கம்மா கூட வந்திருக்காங்க..."

"அவங்களையும் ஏறச் சொல்லு!"

அந்த அம்மாளும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். உறை சடாரென்று இறங்கியது. மணல் நின்றது. புருஷன் கயிற்றைப் பிடித்து மேலே வந்த பிறகுதான் திரிபுரசுந்தரிக்கு மூச்சு வந்தது.

அவர் வந்தவர்களைப் பார்த்ததும் சேற்றுக் கையைக் கூப்பினார்.

"சுந்தரி, நெடுங்காட்டு மாப்பிள்ளை வீட்டார்டி! நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னாங்க?"

அவள் தடியனைப் பார்த்தாள். மாப்பிள்ளை வேட்டியை உதறிக்கொண்டிருந்தார்.

அவர் அம்மா சிரித்தாள். "ஏறச் சொன்னீங்க, ஏறிட்டோம். இனியாவது பொண்ணைக் காட்டுவீங்களா?"

ஆவணியில் மகள் ராஜம் நெடுங்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தெட்சிணாமூர்த்தி பேரன் பேத்தி எடுத்து, நிறைவாக வாழ்ந்து முடித்தார். சம்பந்தியம்மாக்கள் இருவரும் கடைசிவரை ஒற்றுமையாக இருந்தார்கள்.