இரண்டாவது கேள்வி

அலுவலகக் கோப்புகளுக்குச் சத்தமில்லாமல் காப்புப் பிரதி எடுத்துவந்த மென்பொருள் அன்று காலை நின்றுவிட்டது. அவளுடைய கணவன் தன் கணக்கில் ஓடவிட்டுப் போனது அது. அவன் இறந்த பிறகு அவன் பார்த்த வேலைக்கு அவளே வந்திருந்தாள். தலைகீழாக நின்று பார்த்தும் பாஸ்வேர்டு கிடைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ரகசியக் கேள்வி ஏதாச்சும் வச்சிருப்பாரு, பாருங்கம்மா" என்றார் மேலாளர்.

வைத்திருந்தான்.

"பாப்பாவுக்கு முதல் பல் எப்ப விழுந்துச்சு?"

பாப்பா பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவன் அவன். பல் அன்று காலை, பள்ளிக்கூடம் கிளம்பும்போதுதான் விழுந்திருந்தது.

'இன்னைக்கு' என்று அடித்தாள். திரை அடுத்த கேள்வியைக் கேட்டது.

"அழுதாளா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

'இல்லப்பா. கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சா.'

மென்பொருள் ஓடத் தொடங்கியது.