எதிர்வீட்டுக்குப் போன டப்பா

புனேயில் கைசாஸ் நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நிரயன ஜோதிடர். எதிர்வீட்டு லிமயே பருவங்களை வைத்துக் கணிக்கும் சாயனக்காரர். கைசாஸ் மீன ராசி என்று சொன்னவர்களை லிமயே மேஷமாக்கி அனுப்புவார். கூட்டமும் அவரிடம்தான்.

ஏற்கெனவே வயிறெரிந்த கைசாஸ், அந்த டிசம்பர் காலையில் மனைவி வசுதா ஒரு டப்பாவோடு எதிர்வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தார். உடனே அவள் ஜாதகத்தை எடுத்துச் சுக்கிரனை ஆராய்ந்தார்.

அவள் சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

"தனியா இருக்கிற ஆம்பளை வீட்டுல உனக்கென்ன வேலை?"

"ஏங்க, ஜாதகத்துல அது போடலையா?"

"கிண்டல் பண்ணாதே. டப்பாவுல என்ன?"

"எள்ளுருண்டை."

"அது சங்கராந்திக்குக் குடுக்கிறதாச்சே! அதுக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கே!"

"அது உங்க கணக்கு. அவர் கணக்குல சூரியன் இன்னைக்கே மகரத்துக்கு வந்தாச்சு. நம்ம சங்கராந்திக்கு வருஷா வருஷம் அவர் எள்ளுருண்டையோட நம்ம வாசலுக்கு வர்றார். அவரோட சங்கராந்திக்கு யாருங்க போறாங்க?"

கைசாஸ் மெல்ல ஜாதகத்தை மூடினார்.

"இன்னும் மிச்சம் இருக்கா? நானும் போய்க் குடுத்துட்டு வரேன்."

"இருக்கு. குடுக்கும்போது நம்ம ஊர் வழக்கப்படி 'எள்ளுருண்டை எடுத்துக்குங்க, இனிமையாப் பேசுங்க'ன்னு சொல்லணும், மறந்துடாதீங்க."

"முதல்ல எனக்கு அதைச் சொல்லி ஒண்ணு குடு" என்று கைசாஸ் கையை நீட்டினார்.