மூன்றாவது ஜோடி

"தம்பி, மட்டமான வைப்பர் பிளேடையெல்லாம் எனக்குன்னே எடுத்து வச்சிருக்கியா?"

பள்ளிக்கூட வேன் டிரைவர் போட்ட சத்தத்தில் மெக்கானிக்கின் முகம் கடுத்துவிட்டது. இந்த மாதத்தில் மாட்டியது இது மூன்றாவது ஜோடி.

"கம்பெனி பிளேடுண்ணே. தண்ணி ஊத்தி ஓட்டிக் காட்டினேனே, சுத்தமாத் துடைக்குதே?"

"எங்க துடைக்குது? புகை மூட்டமா இருக்கு. காலையில பதினெட்டுப் பிள்ளைங்களை ஏத்தணும். இருபது வருஷமா ஒரு கீறல் விழாம ஓட்டுறேன், பேரைக் கெடுத்துடாதே."

"அப்ப கோளாறு கண்ணாடியிலதான். பழைய ரப்பர் உரசி உரசித் தேஞ்சிருக்கும். மாத்திடவா?"

"மாத்தித் தொலை. டீ குடிச்சுட்டு வரேன்."

திரும்பி வந்தவர் விறுவிறுவென்று வேனில் ஏறி உட்கார்ந்தார். 'கொஞ்சம் பொறுங்கண்ணே' என்று மெக்கானிக் வாயெடுப்பதற்குள் வெடித்தார்.

"புதுக் கண்ணாடியும் இதே லட்சணமா? அப்படியே மங்கலாத்தானே இருக்கு!"

மெக்கானிக்கின் கோபம் போன இடம் தெரியவில்லை. டிரைவரின் கண்களையே பார்த்தபடி நின்றான்.

"ஏன் மரம் மாதிரி நிக்கிறே?" என்றபடி, துடைத்துப் பார்க்கத் துணியோடு கையை நீட்டினார் டிரைவர்.

கை எதிலும் படாமல் வெளியே போனது.

பழைய கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது. புதியது இன்னும் பிரிக்காத பெட்டியோடு சுவரில் சாய்ந்திருந்தது.

கையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். சாவியை உருவி மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"பிள்ளைங்க வாசல்ல வந்து நிக்குமே, தம்பி... நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ ஓட்டுறியா?"