பத்து மணிப் பனி

மூணாறில் நடக்கும் கண் பரிசோதனை முகாமுக்கு நாலு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஜீப் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் சுதாகர் விளக்கைப் போட்டிருந்தான்.

“என்னா பனி! ஒரு மாசமா விலகவே மாட்டேங்குது.”

“ஆமாய்யா, ஒண்ணுமே தெரியல,” என்றாள் பக்கத்தில் இருந்த பேச்சியம்மா. “வருசா வருசம் எங்களைக் கொண்டுபோய் விடுற. ஒரு தடவை நீயும் கண்ணைக் காட்டுனா என்ன?”

“முப்பத்தொரு வயசுலயா? போங்க பெரியம்மா!”

வளைவில் வெள்ளையாக ஏதோ அசையாமல் நின்றது. அதற்கு முகமே இல்லை.

சுதாகர் முன்னால் குனிந்து பார்த்தான். “பெரியம்மா, அங்க என்ன நிக்குது?”

“வெள்ளையாத் தெரியுது. மூஞ்சியக் காணலையே!”

அது கையை நீட்டியபடி ஜீப்பின் முன்னால் வந்தது. சுதாகர் அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தான். அது அவன் பக்கம் வந்து குனிந்த பிறகுதான் முகம் தெரிந்தது. எஸ்டேட் நர்ஸ் ஜெசிந்தா.

“என்னண்ணே, மேல ஏத்தப் பாத்தீங்களே!”

“பனியில நீங்க நின்னது தெரியல சிஸ்டர்.”

ஜெசிந்தா அவன் கண்களையே உற்றுப் பார்த்தாள்.

“எந்தப் பனி அண்ணே? வெயில் தாங்காமத்தானே குடை பிடிச்சு நிக்கிறேன்.”