கையும் காலும்

"இந்தக் காரை ஓட்டுறது ஆர் அக்கா?"

மேசையில் கழற்றி வைத்திருந்த கியர்பொக்ஸைப் பார்த்தபடி கேட்டார் மரியதாஸ். சுவிஸில், பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் கராஜ் வைத்திருப்பவர்.

"நான்தான்," என்றார் சந்திரமதி.

"போன வருசமும் இதே மூண்டாம் கியர். அதுக்கு முந்தின வருசமும் இதே மூண்டாம் கியர். அப்பிடி என்ன கோவம் அதோடை?"

சந்திரமதி கைப்பையைத் திறந்து மூடினார்.

பக்கத்துக் கதிரையில் அவருடைய கணவர் உருத்திரமூர்த்தி கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். அந்த ஸ்போர்ட்ஸ் காரை ஆசை ஆசையாய் வாங்கியவர் அவர்தான். மலைப்பாதைகளில் அதை விரட்டிய விரட்டுக்கு பேர்ன் தமிழர்கள் 'றொக்கற் மூர்த்தி' என்று பட்டமே கட்டியிருந்தார்கள். நீரிழிவு அவருடைய கண்களைக் கொண்டுபோன பிறகு சாரதி இருக்கை மனைவியிடம் போய்விட்டது.

குளிர்கால ரயர் மாற்ற வந்து காத்திருந்த பாலச்சந்திரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை குர்நிகல் மலை றோட்டிலை கண்டனான் மரியதாஸ். என்னைக் கடந்து போன போக்கு! இஞ்சின் கத்தின கத்திலை மாடெல்லாம் திரும்பிப் பாத்தது. சுவிஸ் மாடு, லேசிலை திரும்பாது."

உருத்திரமூர்த்தி சிரித்தார். "மனுசிக்கும் என்ரை வேக விசர் தொத்திட்டுது. ஆனா கிளச்சை மட்டும் நேரத்துக்கு மிதிக்கமாட்டா. நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

"ஓமப்பா," என்றார் சந்திரமதி.

மரியதாஸ் ஒரு பித்தளை வளையத்தைத் தூக்கிப் பிடித்தார்.

இந்த வளையத்தை கியர்பொக்ஸின் கலியாணத் தரகர் என்று சொல்லலாம். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சேர்த்துவைக்கும். கிளச் இறங்கும் முன்னே கியரை இழுத்தால் அடி விழுவது தரகருக்குத்தான். இந்தத் தரகர் தேய்ந்து தகடாகியிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ. கை முந்துது, கால் பிந்துது. ஒரே ஆளின்ரை கையும் காலும் இப்பிடிச் சண்டை பிடிச்சு நான் காணேல்லை. குறை நினைக்காதேங்கோ அக்கா, உங்களுக்குக் கியர் கார் சரிவராது. இதை வித்துப்போட்டு ஓட்டோமெட்டிக் ஒண்டு எடுங்கோ."

"வேண்டாம்!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. சந்திரமதி குரலைத் தாழ்த்தினார். "இந்த முறையும் திருத்தித் தாங்கோ தம்பி."

"திருத்தலாம். ஆனா பழைய மொடல், சாமான் வாறதில்லை. என்னட்டை இருக்கிறது கடைசி செற். அதையும் கடிச்சுத் துப்பினியள் எண்டால், கார் இரும்புக் கடைக்குத்தான்."

"விக்கிறதெண்டால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றார் பாலச்சந்திரன். பிறகு மரியதாஸின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி: "பாவம் றொக்கற். கண்ணும் போச்சு, இப்ப காரையும் மனுசி முடிக்கிறா."

சந்திரமதி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மரியதாஸுக்குள் ஒரு வாத்தியார் எழுந்து நின்றார்.

"சரி, பூட்டித் தாறன். ஆனா முதல் ஓட்டம் நான் பின்சீற்றிலை இருந்து பாப்பன். அக்கா திருந்தாட்டி, விக்கத்தான் வேணும். நானே நிண்டு வித்துத் தருவன்."

"நீங்கள் வரவேண்டாம் தம்பி," என்றார் சந்திரமதி அவசரமாக.

"ஏன்? வரட்டும்," என்றார் உருத்திரமூர்த்தி. "நான் சொன்னால் கேக்கிறீரில்லை. அவர் சொன்னாலாவது கேளும்."

அடுத்த கிழமை, மரியதாஸ் முழங்கால்களைத் தாடைவரை மடக்கிக்கொண்டு பின்சீற்றில் குந்தியிருந்தார். ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்சீற் மனிதர்களை மனதில் வைத்துச் செய்யப்படுவதில்லை.

சந்திரமதி திறப்பைத் திருப்பி இஞ்சினைக் கிளப்பினார். கைகளை ஸ்டியரிங்கில் வைத்தார். இரண்டு கைகளையும்.

பக்கத்துச் சீற்றிலிருந்து உருத்திரமூர்த்தியின் இடது கை நீண்டது. தேடவில்லை, தடவவில்லை. நேரே போய் கியரைப் பிடித்தது.

"போவமா சந்திரா?"

"போவம்."

ஒன்று. இரண்டு. வீடுகள் முடிந்து மேடு தொடங்கியதும் அவர் தலையைச் சரித்து இஞ்சினுக்குக் காது கொடுத்தார். "இன்னும் அமத்தும். இன்னும் கொஞ்சம்." சத்தம் ஏற ஏற, கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே பழைய றொக்கற் மூர்த்தியின் சிரிப்பு விரிந்தது.

"மூண்டு கேக்குது. இப்ப!"

சந்திரமதியின் கால் இறங்கத் தொடங்கும் முன்னமே கணவரின் கை இழுத்துவிட்டது. கர்ரக் என்றது கியர்பொக்ஸ். மரியதாஸுக்குப் பல் கூசியது.

"கேட்டீரே தம்பி? கிளச்!" உருத்திரமூர்த்தி துள்ளினார். "கண்தான் போச்சு, என்ரை கை ஒருநாளும் பிழை விடாது. நீர் பின்னாலை இருந்து பாத்தனீர்தானே. சொல்லும், ஆரின்ரை பிழை?"

பின்பார்வைக் கண்ணாடியில் சந்திரமதியின் கண்கள் மரியதாஸைப் பார்த்தன. திருத்தச் சொல்லி கராஜில் கெஞ்சிய அதே பார்வை.

மரியதாஸ் தொண்டையைச் செருமினார்.

"அக்காவின்ரை கால்தான் அண்ணை. உங்கடை கையிலை ஒரு பிழையும் இல்லை. காரை மட்டும் வித்துப்போடாதேங்கோ, சாமானை நான் எங்கையெண்டாலும் தேடி எடுக்கிறன்."