எட்டும் சரி

"ஜட்ஜ் என்னம்மா செய்வாரு?"

"ரெண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாரு சார்."

சிறுமியர் இல்லத்திலிருந்து காவலர் அழைத்து வந்த பெண், பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். வழக்கை எதிர்கொள்ளும் அளவுக்கு அவளுக்குப் புத்தித் தெளிவு இருக்கிறதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அதே எட்டுக் கேள்விகள், அதே வரிசை. எட்டும் சரியென்றால் 'தகுதி உண்டு' என்று கையெழுத்துப் போடுவார். அப்புறம் நீதிமன்றக் கூண்டில் ஏற வேண்டியதுதான்.

ஐந்து முடிந்ததும் போன் அடித்தது. பேசி வைத்தவர், ஆறை விட்டுவிட்டு ஏழாவதைக் கேட்டார்.

"குற்றம் நிரூபணமானா என்ன ஆகும்?"

"எனக்காகப் பேசுவாரு சார்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. விட்டுப்போன ஆறாவது கேள்வி, 'வக்கீல் எதற்கு?'

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"தப்பாச் சொல்லி இல்லத்துக்கே திரும்பி வந்த அக்காங்கதான் சார். சரியாச் சொன்னவங்க ஒருத்தருமே திரும்பி வரலையே! எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கல்ல?"

அலமாரி நிறைய அவர் கையெழுத்துப் போட்ட கோப்புகள். அந்தப் பக்கம் திரும்ப முகமில்லாமல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பதறிப்போனாள்.

"முதல்லேருந்து வரிசையாக் கேளுங்க சார். எட்டும் கரெக்டாச் சொல்லிடுவேன்."