நமத்த வெடி

"வெக்கமா இல்ல அந்த ஆளுக்கு? புள்ளைங்க பொறுக்குற வெடியைப் போயி வெள்ளனே அள்ளிட்டுப் போயிருக்காரே."

பூங்கொடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலை. வட்டக்கானலில் ராத்திரி முழுக்கச் சாரல். டூரிஸ்டுகள் கொளுத்திய வெடியில் பாதி நமத்துப்போய் ரோட்டில் கிடந்தது. வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதானே தீபாவளி.

கெஸ்ட் ஹவுஸில் ரூம் கூட்டுகிற பூங்கொடி, மகளுக்கு ஒரு பெட்டி கம்பி மத்தாப்புதான் வாங்கியிருந்தாள். "மிச்சத்தைக் காலையில பொறுக்கிக்கலாம்டி" என்று சமாதானம் வேறு சொல்லியிருந்தாள்.

இப்போது தமிழ்மதி வெறுங்கையோடு நின்று அழுதாள்.

"ஒண்ணுகூட இல்லம்மா. சேனாதிபதி மாமா வாளியில அள்ளிட்டாரு."

"அந்தச் சிலோன்காரருக்கு என்ன கேடு? தனிக்கட்டைக்கு எதுக்கு வெடி? காயவச்சு விக்கப் போறாரு போல. வாடி, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

சேனாதிபதி நாலு வருஷமாக அங்கே தோட்டவேலை பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஊரிலும் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

குழாயடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி. அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர். வெடியெல்லாம் ஊறி, காகிதம் பிரிந்து மிதந்தது.

பூங்கொடி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, வித்தாக்கூட ஒரு நியாயம் இருக்கு. நீங்களும் போடாம, புள்ளைங்களையும் போடவிடாம, இப்படித் தண்ணியில போட்டுக் கெடுக்குறீங்களே. ஒரு புள்ளையப் பெத்திருந்தாத்தான உங்களுக்கு அந்த அருமை தெரியும்."

அவர் கோபப்படவில்லை. ஊறாத சரவெடி ஒன்றை அழுத்தி முக்கினார்.

"எனக்கும் ஒரு மகன் இருந்தான் தங்கச்சி."

அடுத்த வெடியையும் எடுத்து முக்கினார்.

"சண்டை நடந்த காலமெல்லாம் அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டே ஓடினேன். விழுந்த குண்டு அத்தனைக்கும் தப்ப வச்சேன். எல்லாம் முடிஞ்சிருச்சு, இனிப் பயமில்லைன்னு ஊருக்குத் திரும்பினோம்."

தமிழ்மதியைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை வயசுதான். வெடிக்காமக் கெடந்த ஒண்ணை விளையாடுறதுக்குப் பொறுக்கிட்டான்."